சிவிங்கிப்புலியும் மூன்றாவது வரிசைப் பொட்டலமும்: நூலகத்து வீடியோ கேம் அமர்வில் நடந்த ஒன்று

பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சிறு நகரப் பொது நூலகம். அதன் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் பிற்பகல் இரண்டு மணிநேரம், பழைய வீடியோ கேம்களைச் சிறுவர்கள் விளையாடிப் பார்க்கும் அமர்வு நடக்கிறது. நூலகர் ஒருவர், தன்னார்வலர்கள் மூவர். அந்த மூவரில் நானும் ஒருவன். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கு என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். பின்புறம் பெருத்த பழைய டியூப் டிவிகள் நான்கு. டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டிகளான கன்சோல்களும் அவற்றுக்கேற்ற வயதுடையவை: பழைய எட்டு பிட் நின்டெண்டோ இரண்டு, சூப்பர் நின்டெண்டோ ஒன்று, செகா ஜெனிசிஸ் ஒன்று. புதிய தட்டைத் திரைகளில் இவற்றை மாட்டினால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் உருவம் குதிப்பதற்கும் இடையே சிறு தாமதம் விழுகிறது. குதிப்பதையே நம்பியிருக்கும் விளையாட்டுகளில் அந்தத் தாமதம் பள்ளத்தில் தள்ளிவிடும். அதனால்தான் யாரும் சீந்தாத அந்தக் கனத்த பெட்டிகளைத் தூக்கிச் சுமக்கிறோம்.

ஊர், நூலகம், மனிதர்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அவர்களுடைய பெற்றோரின் ஒப்புதலுடன் எழுதுகிறேன். நடந்தது பெரிய விபரீதம் எதுவும் அல்ல. ஆனால் குழந்தைகளுக்குப் பழைய விளையாட்டுகளைக் காட்டும் எவருக்கும் இது நேரலாம். நாங்கள் அதைப் பார்க்கத் தவறிய விதம்தான் பதிவு செய்யத் தக்கது.

விளையாட்டு

ஒருவர் நன்கொடையாகத் தந்த அட்டைப்பெட்டியில் பதினேழு கேட்ரிட்ஜ்கள், அதாவது கன்சோலில் செருகும் விளையாட்டுப் பேழைகள், இருந்தன. அவற்றுள் ஒன்று 'செஸ்டர் சீட்டா: டூ கூல் டு ஃபூல்'. கனேகோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1992-இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக வெளியிட்டது. ஜெனிசிஸிலும் வந்தது. நாயகன் செஸ்டர், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு சிவிங்கிப்புலி. நான்கு மூலை மிருகக்காட்சிச் சாலையிலிருந்து தப்பி, ஹிப் சிட்டி என்ற நகரத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் ஆசை. அதன் ஸ்கூட்டரைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மூலைக்கொன்றாக ஒளித்து வைத்திருக்கிறான் யூஜீன் என்ற வில்லன். இடமிருந்து வலமாக ஓடி, எதிரிகளின் தலையில் குதித்து, பாகங்களைச் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஏராளமாக வந்த, பிளாட்ஃபார்ம் எனப்படும் இந்த ஓடிக் குதிக்கும் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. சொல்லப்போனால், நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே. சிவிங்கிப்புலி என்று பெயர். நடையோ சாப்பாட்டுக்குப் பிந்தைய உலாவல்.

செஸ்டர் விளையாட்டுக்காகப் பிறந்த பாத்திரம் அல்ல. சீட்டோஸ் என்ற சோளமாவுப் பாலாடைக்கட்டி நொறுக்குத்தீனியின் விளம்பரச் சின்னம். தீனி 1948-இல் வந்தது; டாலஸ் நகரத்து ஃப்ரிட்டோ நிறுவனத்தைத் தொடங்கிய சார்லஸ் எல்மர் டூலின் உருவாக்கியது. 1970களில் அதற்கு ஒரு சுண்டெலி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 1986-இல் அந்த வேலை செஸ்டரிடம் வந்தது. ஆறே ஆண்டுகளில் அது தொலைக்காட்சி விளம்பரத்திலிருந்து விளையாட்டுக்குள் குதித்துவிட்டது.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். இருந்தும், அமர்வுக்கான பதிவுத் தாளில் அந்தக் கேட்ரிட்ஜுக்கு நேரே நான் எழுதியது "பிளாட்ஃபார்ம், ஒருவர், எளிது" என்பது மட்டுமே. முதல் தவறு அந்த வரிதான்.

முதல் மூன்று சனிக்கிழமைகள்

முதல் வாரம் பதினொரு குழந்தைகள் வந்தார்கள். நான்கு திரைகளில் ஒன்றில் செஸ்டர். மற்ற மூன்றிலும் இதைவிடச் சிறந்த, புகழ்பெற்ற விளையாட்டுகள். ஆள் மாற்றிவிடுவதற்காக, யார் எந்தத் திரையில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்று குறித்து வைப்பது வழக்கம். பெரிய குழந்தைகள் செஸ்டரை ஐந்து, ஆறு நிமிடங்களில் கைவிட்டார்கள். "இது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?" என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஒரு சிறுவன் மட்டும் நகரவில்லை. அவனுக்கு ஏழு வயது. அமர்வில் சேர்ந்திருந்தது அவனுடைய அக்கா; அவன் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். வயது வரம்பைச் சொல்லி அவனை வெளியே உட்கார வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. காலியாகக் கிடந்த திரை செஸ்டருடையது. அவன் அங்கே உட்கார்ந்தான். தாளில் நாற்பது நிமிடங்கள் என்று குறித்திருக்கிறேன். முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறை விழுந்ததும் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்கினான்.

இரண்டாம் வாரம் அவன் உள்ளே வந்ததும் கேட்டது: "அந்தப் பூனை இருக்கிறதா?" இருந்தது. முப்பத்தைந்து நிமிடங்கள். மூன்றாம் வாரமும் அப்படியே. குழந்தைக்கு ஒரு விளையாட்டு பிடித்துப்போவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். சக தன்னார்வலர் ஒருவர், "உலகத்திலேயே இந்த விளையாட்டை விரும்பும் ஒரே ஆள் இவன்தான்" என்றார். நானும் சிரித்தேன்.

அந்த மூன்று வாரமும் எங்கள் கண்ணில் பட்டும் மனதில் பதியாத ஒன்று இருந்தது. கீழ்த்தளத்து அறையிலிருந்து கழிவறைக்குப் போகும் நடைவழியில் காசு போட்டால் தீனி தரும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், இடமிருந்து இரண்டாவது கம்பிச்சுருளில் தொங்குவது அதே சிவிங்கிப்புலியின் முகம். ஏழு வயதுக் குழந்தையின் கண் மட்டத்துக்குச் சரியாக வரும் வரிசை அது. நான் பின்னர் மண்டியிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கடையில் நடந்தது

நான்காம் வாரம் குழந்தைகளை அழைத்து வந்த தாய், அமர்வு தொடங்கும் முன் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அந்த வாரம் மளிகைக் கடையில் சிறுவன் ஒரு பொட்டலத்தைக் காட்டி, "இது நூலகத்துப் பூனை" என்றானாம். வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கவில்லை; அழவில்லை. ஆனால் வண்டியில் போட்டுவிட்டான். வேண்டாம் என்று எடுத்து வைத்தபோது, "நூலகத்தில் அது நல்ல பூனை" என்று வாதாடினான். வீட்டில் அந்தத் தீனியை வாங்கும் வழக்கம் இல்லை என்றார்.

அவர் கோபமாக இல்லை. அதுவே எனக்குக் கூடுதல் சங்கடமாக இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதற்காக அந்த நிறுவனம் நூலகத்துக்குப் பணம் தருகிறதா?"

இல்லை என்றேன். யாரோ கொடுத்த பழைய கேட்ரிட்ஜ், முப்பது ஆண்டுக்கு முந்தையது என்று விளக்கினேன். சொல்லும்போதே பதில் உதவாது என்று தெரிந்தது. பணம் வாங்காமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தோம் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

அன்று செஸ்டரை எடுத்து அலமாரியில் வைத்தேன். சிறுவன் வேறொரு திரையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அக்காவின் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நால்வரும் கூடிப் பேசினோம். ஒரு தன்னார்வலர், கேட்ரிட்ஜை அமர்விலிருந்து நிரந்தரமாக நீக்கிவிடலாம் என்றார். மற்றொருவர் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். பழைய விளையாட்டுகளைப் பாதுகாத்துக் காட்டுவதுதான் நம் வேலை, கடையில் எதை வாங்குவது என்பது பெற்றோரின் வேலை என்பது அவருடைய வாதம். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. முடிவெடுக்க எங்களுக்கு உதவியவை இரண்டு செய்திகள்.

முதலாவது, வயது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு விளம்பரம் தம்மை இணங்கவைக்கப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று சொல்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்துக்காவது தொடக்கமும் முடிவும் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. விளையாடுபவனே சின்னமாக மாறி ஓடுகிறான், விழுகிறான், எழுகிறான். எங்கள் பலகையில் "எட்டு வயது முதல்" என்று எழுதியதற்கு இந்த அறிக்கை காரணம் அல்ல. கன்சோலின் பொத்தான்கள் உள்ள கைப்பிடியைச் சரியாகப் பிடிக்கும் வயது என்ற கணக்கில் எழுதியது. தற்செயலாக எண் பொருந்திவிட்டது. அதையும் நாங்கள் கடைப்பிடிக்கவில்லை.

இரண்டாவது, சட்டத்தின் ஓட்டை. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்தை வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடமாகவும் மற்ற நாட்களில் பன்னிரண்டு நிமிடமாகவும் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டுகளில் செஸ்டரை நாயகனாக்கி ஒரு கார்ட்டூன் தொடர் திட்டமிடப்பட்டது. நிகழ்ச்சி முழுவதும் விளம்பரமாகிவிடும் என்று குழந்தைகள் தொலைக்காட்சிக்கான ஆர்வலர் அமைப்பு எதிர்த்தது. தொடர் ஒளிபரப்பாகவே இல்லை. கேட்ரிட்ஜுக்கோ அப்படிப்பட்ட நிமிடக் கணக்கு எதுவும் கிடையாது. தொலைக்காட்சியில் அரைமணி நேரம் ஓட முடியாத அந்தப் பாத்திரம், கேட்ரிட்ஜில் எத்தனை மணிநேரமும் ஓடலாம். எங்கள் திரையில் மூன்று வாரங்களில் ஒரே குழந்தையிடம் இரண்டு மணிநேரத்துக்கு அருகில் ஓடியிருந்தது.

இந்த இரண்டாவது செய்திதான் நீக்குவதற்கு எதிராக என்னைத் திருப்பியது. பெரிய குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது என்று பட்டது. எனவே மூன்று முடிவுகள். செஸ்டரும் அதைப் போன்ற விளையாட்டுகளும் சாதாரண அமர்வில் இடம்பெறா. அவற்றுக்கென்று ஒரு தனி அமர்வு, எட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. அமர்வை இயந்திரம் இல்லாத முதல் தளத்து அறைக்கு மாற்றுவது. மூன்றாவதை நூலகர் முன்வைத்தார்; நாங்கள் மூவரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதை அப்புறப்படுத்தச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் நகராட்சியின் கையில் இருக்கிறது.

விளம்பரச் சின்னங்களின் அமர்வு

ஐந்து வாரங்களுக்குப் பிறகு அந்த அமர்வை நடத்தினோம். ஒன்பது குழந்தைகள். நான்கு திரைகளில் நான்கு விளையாட்டுகள்: செஸ்டர், செவன்-அப் பானத்தின் சிவப்புப் புள்ளிக்குக் கைகால் முளைத்த 'கூல் ஸ்பாட்' (1993), மெக்டொனால்ட்ஸ் உணவகச் சின்னத்தின் வளைவுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் 'எம்.சி. கிட்ஸ்' (1992), டோமினோஸ் பீட்ஸாவின் சிவப்பு உடை அணிந்த குறும்பனை வைத்துக் கேப்காம் 1990-இல் வெளியிட்ட 'யோ! நாய்ட்'.

தொடக்கத்தில் நான் பத்து நிமிடம் பேசினேன். விளம்பரம் என்றால் என்ன, யார் பணம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள். தோல்வி. குழந்தைகள் தலையாட்டினார்கள், ஒருவன் கைப்பிடியின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பள்ளியில் வாரம் ஐந்து நாள் கேட்கும் தொனி சனிக்கிழமையும் வந்துவிட்டது.

பலன் தந்தது வேறொன்று. 'யோ! நாய்ட்' அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் அதே ஆண்டில் ஜப்பானில் வேறு பெயரில் வந்திருந்தது. அங்கே அதில் பீட்ஸாவும் இல்லை, குறும்பனும் இல்லை. முகமூடி நிஞ்ஜா ஹனமாரு என்ற சிறுவன்தான் நாயகன். தன்னார்வலர் ஒருவரிடம் அந்த ஜப்பானிய கேட்ரிட்ஜ் இருந்தது. ஜப்பானிய கன்சோலின் கேட்ரிட்ஜுக்கு அறுபது முனைகள், அமெரிக்கக் கன்சோலுக்கு எழுபத்திரண்டு. நடுவில் ஒரு மாற்றி செருகினால்தான் வேலை செய்யும். அதைச் செருகி, இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம்.

முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வண்ணம் வேறு, பின்னணி வேறு. இடப்பக்கத் திரையில் நிஞ்ஜா தன் பருந்தை எதிரி மேல் ஏவினான். வலப்பக்கத்தில் குறும்பன் தன் யோ-யோவை வீசினான். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கைப்பிடியைக் கீழே வைத்தாள். இன்னொருவனிடம், "நீ மறுபடி வீசு" என்றாள். வீசினான். அவளும் வீசினாள். பருந்து போன தூரமும் யோ-யோ போன தூரமும் ஒன்று. குதிக்கும் உயரம் ஒன்று. அதற்குப் பிறகு அறையில் மற்ற திரைகளில் யாரும் இல்லை. ஒன்பது பேரும் அந்த இரண்டு டிவிகளுக்கு முன்னால், தரையில். எது எதுவாக மாறியிருக்கிறது என்ற வேட்டை தொடங்கிவிட்டது. நிஞ்ஜா எதிரியோடு நடத்தும் சீட்டுப் போட்டி, அமெரிக்கப் பதிப்பில் யார் அதிகம் பீட்ஸா தின்பது என்ற போட்டியாகியிருந்ததைக் கண்டுபிடித்தபோது ஒரே கூச்சல்.

நான் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாததை ஒரு பையன் சொன்னான்: "ஆக, நிஞ்ஜாவுக்குச் சட்டை மாட்டிப் பீட்ஸா விற்க அனுப்பிவிட்டார்கள்." கேட்ரிட்ஜோடு வந்த கையேட்டில் பீட்ஸாவுக்கான ஒரு டாலர் தள்ளுபடிச் சீட்டு இருந்தது என்று சொன்னபோது அவன் கொஞ்சமும் வியக்கவில்லை.

அதன் பிறகுதான் செஸ்டரிடம் திரும்பினோம். இதற்கும் ஒரு பழைய சட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து இல்லை. இது தொடக்கம் முதலே செஸ்டருக்காகச் செய்தது என்றேன். கறுப்புக் கண்ணாடி, சவடால் நடை எல்லாம் தொலைக்காட்சி விளம்பரத்திலிருந்து அப்படியே வந்தவை என்று விளக்கினேன். "அப்படியானால் இதிலிருந்து எதையும் கழற்ற முடியாது" என்றாள் அதே சிறுமி. சற்று யோசித்து, நின்டெண்டோவின் புகழ்பெற்ற விளையாட்டு நாயகனைச் சுட்டி, "மாரியோவும் விளம்பரம்தானே? நின்டெண்டோ வாங்கச் சொல்லும் விளம்பரம்" என்றாள்.

மூன்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாரியோ தன்னையே விற்கிறான், செஸ்டர் வேறொன்றை விற்கிறது என்று நான் பதில் சொன்னேன். அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை. விளையாடும் இன்பத்தைக் கொண்டுபோய் எந்தக் கடையில் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும்தானே வேறுபாடு?

பின்விளைவுகள்

அந்த ஒன்பது பேரில் நால்வர் அடுத்தடுத்த வாரங்களில் வேறு விளையாட்டுகளிலும் விற்பனைப் பொருளைத் தேடிக் காட்டினார்கள். மதிய உணவுப் பெட்டியில் வந்த பிஸ்கட் உறையைக் கொண்டுவந்து, இதில் இருக்கும் படத்துக்கு விளையாட்டு உண்டா என்று ஒருவன் கேட்டான். முதல் தள அறையில் சத்தம் அதிகம் என்று படிப்பவர்களிடமிருந்து இரண்டு புகார்கள் வந்தன. கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம்.

ஏழு வயதுச் சிறுவன் விஷயத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தாயிடம் கேட்டேன். இப்போதும் கடையில் அந்தப் பொட்டலத்தைக் கண்டால் நூலகத்துப் பூனை என்கிறானாம். அவர் ஒருமுறை வாங்கிக் கொடுத்தார். பாதி தின்றுவிட்டு விரல் ஆரஞ்சாகிவிட்டது என்று கழுவப் போய்விட்டான். மிச்சத்தை அக்கா முடித்தாள். தாய் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அமர்வுக்கு அவன் வருவதில்லை. எட்டு வயது ஆனதும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த ஒரு குழந்தையை வைத்து விளையாட்டின் பாதிப்பு இவ்வளவு என்று அளந்துவிட முடியாது. அவனுக்கு அந்த முகம் தொலைக்காட்சியிலோ கடையிலோ முன்பே பழக்கமாகி இருக்கலாம். எங்கள் நடைவழி இயந்திரமே போதுமானதாக இருந்திருக்கலாம். முதல் வாரம் அவனிடம், "இந்தப் பூனையை முன்பு பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

மீண்டும் செய்தால்

பதிவுத் தாளில் இப்போது கூடுதலாக ஒரு கட்டம் இருக்கிறது: நாயகன் விளையாட்டுக்கு வெளியே என்ன வேலை செய்கிறான்? நன்கொடைப் பெட்டி வந்ததும் திரையில் மாட்டும் முன் இதை நிரப்ப வேண்டும். பதினேழு கேட்ரிட்ஜ்களில் இதற்கு இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

வயது வரம்பை வாசலிலேயே கடைப்பிடிப்போம். தம்பி தங்கைகளுக்காக அதே அறையின் மூலையில் ஒரு மேசை; அதில் எந்த விளையாட்டு என்பதை முன்கூட்டியே தேர்ந்து வைப்பது. மனம் வரவில்லை என்று விட்டுவிட்டு, காலியாக இருந்த திரையில் உட்கார வைத்ததுதான் உண்மையில் சோம்பல்.

அந்தப் பத்து நிமிடப் பேச்சை வெட்டிவிட்டேன். அடுத்த முறை இரண்டு டிவிகளை முதலில் ஓடவிட்டு, கேள்வி வரும்வரை வாய் திறப்பதாக இல்லை. தாயிடம் பேசிய அன்றே மற்றப் பெற்றோருக்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஐந்து வாரம் தாமதித்ததில் இரண்டு பேர் விஷயத்தை வேறு வழியாகக் கேள்விப்பட்டு, வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

புதிய கட்டத்தை நிரப்பும்போது மாரியோ கேட்ரிட்ஜ்களுக்கு நேரே என்ன எழுதுவது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. நூலகர் கோடு போட்டிருக்கிறார். நான் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.